கருப்பண்ணன் கல்லை எடுத்த செங்கம்மாள்

இன்றைக்கு என் பெயரில் மூன்று லாரிகளும் ஒரு மினி பஸ்ஸும் ஓடுகின்றன. கச்சிராயபாளையத்தில் இறங்கி வீரமுத்து வீடு எது என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் கையை நீட்டுவார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பன்னிரண்டு வயதில் ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைத்தேன். அப்புறம் லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர், முப்பது வயதில் சொந்தமாக ஒரு பழைய ஜீப். அடைமழையில் கல்வராயன் மலைமேல் ஜீப் ஏற்ற அந்தக் காலத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருவன் நான். இன்னொருவன் நான்கு தடவை பள்ளத்தில் இறங்கினான். நான் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். என்னை மிஞ்சிய ஆளை என் வாழ்நாளில் அதிகம் பார்த்ததில்லை. பார்த்த ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மலையின் கிழக்கு ஓரத்தில் கோட்டைவளவு என்று ஓர் ஊர். வளவு என்றால் மலையில் பத்திருபது வீடுகள் சேர்ந்த சின்ன ஊர். அதை ஒட்டி ஒரு கோட்டை இடிந்து கிடக்கிறது. யார் கட்டினது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ராஜா பெயரைச் சொல்வார்கள். ஐந்நூறு அறுநூறு வருசம் இருக்கும் என்று ஒரு வாத்தியார் சொன்னார். கல் உடைத்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன், கட்டினவன் சாதாரண ஆள் இல்லை. சுண்ணாம்பு வைக்காமலே கல்லோடு கல்லை இழைத்து வைத்திருக்கிறான். நடுவில் வற்றாத சுனை. கூரை விழுந்த களஞ்சியம். குதிரைக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டியில் இப்போது வெள்ளாடுகள் குடிக்கின்றன.

மேற்கே ஊரைப் பார்த்த பெரிய வாசல் எப்போதோ சரிந்துவிட்டது. கிழக்கே சமவெளியைப் பார்த்து ஒரு சின்ன வாசல் உண்டு. ஒரு ஆள் நிமிர்ந்து போகலாம், ஒரு மாடு போக முடியாது. அந்த வாசலைத் தாண்டினால் பாறையில் வெட்டிய படிகள், முந்நூறுக்கு மேல். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. கோட்டையிலிருந்து கிழக்கே இறங்க அது ஒன்றுதான் வழி.

இப்போது விடுமுறை நாளில் கார் போட்டுக்கொண்டு கோட்டை பார்க்க வருகிறார்கள். எல்லாரும் அந்தச் சின்ன வாசலில்தான் நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஒரு பக்கம் கழுத்தளவு கற்கள் குவிந்திருக்கும், இன்னொரு பக்கம் திறந்திருக்கும். "பாதி இடிஞ்சு போச்சா?" என்று கேட்பார்கள். இடியவில்லை. அந்தக் கற்கள் எல்லாம் ஆட்கள்.

கோட்டைவளவுக்காரர்கள் மலையை விட்டு இராத்தங்குகிற பயணம் புறப்பட்டால் அந்த வாசலில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். சந்தைக்குப் போய் சாயங்காலம் திரும்புகிறவன் வைக்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் தன் கல்லைத் தானே எடுத்துப் போய் வீட்டு வாசலில் போட வேண்டும். வராதவன் கல் அங்கேயே கிடக்கும். பஞ்சத்துக்குப் போனவன், காப்பித் தோட்டத்துக்குப் போனவன், யாரோடோ ஓடிப்போனவன் என்று தலைமுறை தலைமுறையாக வராதவர்களின் கல் சேர்ந்து சேர்ந்து வாசலே அடைபட்டுப் போனது. வேறு பாதையும் ரோடும் வந்த பிறகு யாருக்கும் அந்த வாசல் தேவைப்படவில்லை. ஆனால் கல் வைக்கிற வழக்கம் நிற்கவில்லை. எந்தக் கல் யாருடையது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

செங்கம்மாளின் புருசன் கருப்பண்ணனின் கல்லும் அங்கே இருந்தது. வாலிபர்கள் தங்களால் தூக்க முடிந்த பெரிய கல்லாகப் பார்த்து வைப்பார்கள், அது ஒரு வீம்பு. கருப்பண்ணன் வைத்தது மதில் மேலிருந்து விழுந்த, பலகை மாதிரி அகலமான ஒரு தளக்கல். தனி ஆளாகப் புரட்டி ஏற்றினானாம். மழை பொய்த்த ஒரு வருசம் கிணறு வெட்டும் வேலைக்கு நாலு பேராகக் கீழே போனார்கள். மூன்று பேர் திரும்பி வந்து தங்கள் கல்லை எடுத்துக்கொண்டார்கள். கருப்பண்ணன் சின்னசேலம் ஸ்டேஷனில் ரயில் ஏறினதை அந்த மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் இல்லை.

அப்போது செங்கம்மாளுக்கு இருபத்து நாலு வயது, கையில் நாலு வயதுப் பெண் செவ்வந்தி. அன்றிலிருந்து செங்கம்மாள் மலையை விட்டு இறங்கவில்லை. வாரச் சந்தைக்குக்கூட வரமாட்டாள். கடுக்காயும் புளியும் கொள்ளும் அடுத்தவர் மூலமாகவோ என் ஜீப்பிலோதான் வரும். "அது வர்ற நேரம் வூடு பூட்டிக் கெடந்தா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். மலையில் பெண்கள் ஏர் பிடிப்பதில்லை. முதல் வருசம் ஆள் வைத்து உழுதாள். ஆள் வருவேன் என்று சொல்லிவிட்டு வராத ஒரு நாள் தானே பிடித்தாள். ஊர் கூடிப் பேசியது. "மாட்டுக்கு ஒண்ணும் தப்பா தெரியலியே, ஒங்களுக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டு உழுதுகொண்டே போனாள். சாமையும் கொள்ளும் அவள் கொல்லையில் விளைந்த மாதிரி பக்கத்துக் கொல்லையில் விளையாது. நான் கடுக்காய் வாங்கி எடை போடும்போது தராசு முள்ளைவிட அவள் கண் சரியாக இருக்கும். என்னையே திணற அடித்தவள்.

சனிக்கிழமைதோறும் அந்த அடைபட்ட வாசலின் முன்னால் பெருக்கி, தண்ணீர் தெளிப்பாள். குழந்தைகள் கல்மேல் ஏறினால் விரட்டுவாள். யாருடைய கல்லையும் யாரும் தொடக்கூடாது, அதற்குக் காவல் அவள்தான்.

செவ்வந்தி உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்து பத்தாவது தேறினாள். அந்த வளவில் ஆணோ பெண்ணோ பத்தாவது தாண்டினது அவள்தான் முதல். மலைவாழ் பெண்களுக்கு நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளே எழுதிப் போட்டாள். எண்பத்தேழாம் வருசம் புரட்டாசி பிறக்கிற சமயம் கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு கள்ளக்குறிச்சியில் நேர்முகம். அசல் சான்றிதழ்களோடு நேரில் வராதவர்களுக்கு மறு வாய்ப்பு இல்லை என்று கார்டிலேயே அச்சடித்திருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு மேலே போயிருந்தேன். செங்கம்மாள் ஜீப்பை மறித்து நின்றாள்.

"டிரைவர் அண்ணே, வெள்ளிக்கெழம பத்து மணிக்கு பொண்ணு கள்ளக்குறிச்சியில இருக்கணும். ஜீப்பு போவுமா?"

"என் ஜீப்பப் பாத்தா இந்தக் கேள்வி கேக்கற? நாளைக்கே எறக்கிடறேன். ராத்திரி என் வூட்ல எங்க வூட்டுக்காரிகூட படுத்துக்கட்டும். காலைல நானே கூட்டிக்கினு போய் வுடறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"வீரமுத்து சொன்னா சொன்னதுதான்."

சொன்னது அப்படி. மறுநாள் வியாழக்கிழமை. படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு கீழே சமவெளியில் ஒரு வாரம் சாலை மறியல் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. மறியல் என்றால் ரோட்டில் உட்காருவார்கள், கெஞ்சிக் கூத்தாடி ஓரமாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். மரம் வெட்டிச் சாய்ப்பார்கள் என்று நினைக்கவில்லை. மலைச் சாலையில் நாலாவது வளைவில் ஒரு மரம் குறுக்கே கிடந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. எங்கிருந்தோ ஒரு கல் வந்து என் இடது பக்க லைட்டை உடைத்தது. கீழேயிருந்து ஓடி வந்த ஒருவன், "மேலயே போயிடுண்ணே, அடிவாரத்துல போலீசு யாரு என்னான்னு பாக்காம மண்டைய ஒடச்சிக்கினு இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் மறைந்தான். ஜீப்பைத் திருப்பினேன். அந்த அகலத்தில் திருப்பினது நானாக இருந்ததால் முடிந்தது.

நடைபாதையில் போகலாம் என்றால் மூன்று நாள் மழையில் ஓடை நிரம்பி ஓடியது. பிடித்துக்கொண்டு கடக்கிற கயிற்றையே அடித்துக்கொண்டு போயிருந்தது. பத்து மணிக்கு மறுபடியும் கோட்டைவளவில் நின்றோம். செவ்வந்தி சான்றிதழ் பையை மாரோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ அவ்ளோதானா?" என்றாள் செங்கம்மாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அவ்ளோதான்னு யாரு சொன்னா? கோட்டை வழி இருக்குது. படியில எறங்கினா ரெண்டு மணி நேரத்துல வயக்காடு. மரமும் இல்ல, போலீசும் இல்ல."

செங்கம்மாள் முகம் மாறியது. உள்ளே போய்விட்டாள். நான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்கு நடந்தேன்.

வாசலைத் தொடாமல் மதில் ஏறித் தாண்டிவிடலாம் என்பது என் கணக்கு. இரண்டு ஆள் உயரம்தான். எத்தனையோ பாறை ஏறினவன். ஏறினேன், மேலேயும் போய்விட்டேன். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் கால் வைக்க இடமே இல்லை, வெறும் பள்ளம். திரும்பி இறங்கும்போது பாசி வழுக்கி, வேட்டி ஒரு கல்லிலும் நான் இன்னொரு கல்லிலும் வந்து சேர்ந்தோம். அந்த நிலையிலும் செவ்வந்தி சிரித்தாள். சிரிப்பு வந்தால் நல்லதுதான் என்று வேட்டியைக் கட்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனேன்.

பார்த்த உடனே எனக்குக் கணக்குப் புரிந்தது. குவியல் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. வலது பக்கம் மேலே ஆறு கல்லை எடுத்தால் ஒரு ஆள் புகுந்துவிடலாம். மேலே இருந்த கல்லை உருவினேன்.

"யார்ரா அது! கீழ வைடா!" என்று ஒரு குரல். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த காசியம்மாள். ஐம்பது வயதுக்காரி, என்னை அதுவரை ஒருமையில் கூப்பிட்டதில்லை. நான் கல்லைக் கீழே வைக்கப் போனேன். "வைக்காத! வைக்காத! கைலயே வச்சிக்கினு இரு!" என்று அலறிக்கொண்டே ஓடி வந்தாள்.

"இன்னாங்க்கா, வைய்யிங்கறீங்க, வைக்காதங்கறீங்க?"

அவள் மூச்சு வாங்கக் கல்லை உற்றுப் பார்த்தாள். "இது என் தம்பி வெள்ளையன் கல்லு. காப்பித் தோட்டத்துக்குப் போனவன். போயி ஒம்பது வருசம்." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எடுத்தவன்தான் வந்தவன். எங்க மொற அதான். நீ எடுத்துட்ட. இனிமே நீதான் என் தம்பி."

"நானா?"

"பின்ன நானா? பேரு சொல்லி மூணு தடவ கூப்புடுவேன். ஏன்னு கேட்டா வூட்டுக்கு வந்தேன்னு அர்த்தம். கேக்கலைன்னா என் தம்பிய நீ கொன்ன மாதிரி. வெள்ளையா!"

நான் செவ்வந்தியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வெள்ளையா!"

எனக்கு ஏற்கெனவே நாலு அக்காள்கள். ஐந்தாவதாக ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். "ஏங்க்கா" என்றேன்.

காசியம்மாளின் கண் கலங்கிவிட்டது. உடனே துடைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு பொண்ணு. தாய்மாமன் சீரு ஒண்ணுகூட வரல. அத்தனையும் நீதான்டா செய்யணும்" என்றாள்.

செய்தேன். பின்னால் இரண்டு பெண்களுக்கும் மலையே பார்க்காத அளவுக்கு ஜீப் நிறையச் சீர்த்தட்டு வைத்துக் கொண்டு போய்ச் செய்தேன். அது வேறு கதை.

சத்தம் கேட்டு ஊரே கோட்டைக்குள் கூடிவிட்டது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் பழனி வந்தார், எழுபது வயது. விசயத்தைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். "வழி ஒண்ணு இருக்குது. ஆளு வராட்டியும் ஆளுக்குப் பதிலா ஒருத்தன் வந்தாப் போதும். ஆனா சும்மா எடுத்துப் போட்டுட்டுப் போவக்கூடாது. யாரு கல்ல எடுக்கறியோ அவன் செய்ய வேண்டியத நீ செய்யணும்." சொல்லிவிட்டு அவரே முதலில் போய்த் தன் அண்ணன் கல்லை எடுத்தார். அவர் அண்ணன் இருந்தால் வருசா வருசம் சுனையைத் தூர் வாருவது அண்ணன் வேலையாம். "இந்த வருசம் நான் எறங்கறேன்" என்றார். கூட்டத்தில் இன்னும் மூன்று பேர் வந்து ஆளுக்கு ஒரு கல் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பழனி பெயர் சொல்லிக் கூப்பிட, எடுத்தவர் ஏன் என்று கேட்டார்.

ஐந்து கல் போயிற்று. ஆறாவது கருப்பண்ணன் கல். அது நகராமல் ஒரு பூனைகூட அந்தப் பக்கம் போக முடியாது.

செங்கம்மாள் களஞ்சியத்துச் சுவர் ஓரமாக நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தைரியம் யாருக்கும் இல்லை. இத்தனை வருசம் ஒரு ஆள் வருவான் என்று உட்கார்ந்திருப்பவளிடம் வந்த மாதிரி வைத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது?

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "கஷ்டமா இருந்தா நீ அந்தாண்ட போயிடு தாயி. நானே பொரட்டிடறேன்" என்றேன்.

செங்கம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பொரட்டிட்டு? நீ எடுத்தா நீ யாரு? யோசன பண்ணித்தான் பேசறியா?"

காசியம்மாள் விடவில்லை. "ஏன்டா வெள்ளையா, ஒரே நாள்ல தம்பியும் ஆவணும், புருசனும் ஆவணுமா ஒனக்கு?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏற்கெனவே கட்டின வேட்டியை நான் இன்னொரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கினதும் செவ்வந்தி எழுந்து அம்மாவிடம் போனாள். "வேணாம்மா. வுட்டுடு. அடுத்த வருசம் கார்டு வரும், அப்போ போய்க்கறேன்."

"அடுத்த வருசமா?" என்றாள் செங்கம்மாள். பிறகு அவளுக்குள்ளேயே பேசிக்கொள்கிற மாதிரி, "பன்னெண்டு வருசமா எனக்கு அடுத்த வருசம்தான். அத ஒனக்குமா குடுப்பேன்?"

நேராக வாசலுக்கு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எவனும் கை வைக்காதீங்க. கடப்பாரை குடு."

தளக்கல்லைத் தனியாகப் புரட்டுவது விளையாட்டு இல்லை. பிடி தவறினால் கால் போய்விடும். ஆனால் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வேலை செய்தேன். "கடப்பாரைய எடது மூலைல குடு. அடியில சின்னக் கல்லு ஒண்ணு முட்டு வை. இப்போ அழுத்து. முழு மூச்சும் வேணாம், பாதி. வுடு. முட்ட உள்ள தள்ளு. மறுக்கா அழுத்து." ஜல்லி உடைத்த காலத்தில் கற்றது எதுவும் வீண் போகவில்லை. விரல் விரலாகக் கல் அசைந்தது. கடைசியில் உட்பக்கமாகச் சரிந்து, தரை அதிர விழுந்தது. வாசலில் ஆள் போகிற இடைவெளி விழுந்து, அதில் சமவெளியிலிருந்து வெயிலும் காற்றும் வந்தன.

பழனி தொண்டையைச் செருமினார். "கருப்பண்ணா!"

செங்கம்மாள் கடப்பாரையைச் சுவரில் சாத்தினாள்.

"கருப்பண்ணா!"

செங்கம்மாள் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை பழனி கூப்பிட வாயைத் திறப்பதற்குள், "இன்னா?" என்றாள். குரல் பிசகவில்லை.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"வூட்டுக்குப் போ."

"வூட்டுக்கு அப்பறம் போறேன். பொண்ண கள்ளக்குறிச்சி வரைக்கும் வுட்டுட்டு வரணும். அப்பன் வேலை அதுதானே?" என்றாள்.

அவள் மலை இறங்கப் போகிறாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. காசியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். செங்கம்மாள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, பெட்டியில் மடித்து வைத்திருந்த கருப்பண்ணன் துண்டை எடுத்து வரச் சொல்லித் தலையில் கட்டிக்கொண்டாள். புறப்படுகிற மூன்று பேரும் கல் வைக்க வேண்டும். செவ்வந்தி இரண்டு கைக்கும் அடங்குகிற ஒரு கல்லை இடது பக்கம் வைத்தாள், வழியை மறைக்காமல். நான் தேங்காய் அளவில் ஒன்று வைத்தேன். செங்கம்மாள் குனிந்து கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கல்லை எடுத்து வைத்தாள். "நாளன்னிக்கே வந்துடப் போறேன். இதுக்கு இன்னா பெரிய கல்லு."

படியிறங்கி வயல்காட்டு வழியாக வந்தோம். அடிவாரத்தில் ஒரே ஓர் இடத்தில் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு புளியமரத்தைச் சாய்த்துப் போட்டு நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவன் இளஞ்செழியன், என் தெருக்காரன், டுட்டோரியலில் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவன்.

"வாண்ணே! ஊரே ரோட்டுல குந்திக்கினு இருக்குது, நீ மட்டும் சவாரி அடிச்சிக்கினு இருக்கியா?"

"ஜீப்பு எங்கடா இருக்குது சவாரிக்கு? ஒங்க ஆளுங்க லைட்ட ஒடச்சி மலைமேல நிறுத்திட்டானுங்க."

"எங்க போறீங்க?"

நான் சொல்வதற்குள் செங்கம்மாள் சொன்னாள். "பொண்ணுக்கு நர்சு படிப்பு. நாளைக்கு பத்து மணிக்கு போவலைன்னா இல்லையாம். வழி வுடுவியா, மாட்டியா?"

இளஞ்செழியன் அவள் தலைத்துண்டையும் செவ்வந்தியின் பையையும் பார்த்தான். "படிக்கத்தானே? நாங்களும் அதுக்குத்தான் குந்திக்கினு இருக்கோம்" என்றான். எழுந்து வந்து அந்தப் பருத்த அடிமரத்தின்மேல் செவ்வந்திக்குக் கை கொடுத்து ஏற்றி இறக்கினான். செங்கம்மாளுக்குக் கை நீட்டினான். அவள் பிடிக்காமல் தானே ஏறித் தாண்டினாள். "போலீசு லாரி வந்தா வரப்புல எறங்கிப் படுத்துக்கோங்க" என்று பின்னாலிருந்து சொன்னான். மூன்று மாதம் கழித்து ஜெயிலிலிருந்து வந்தபோது அந்தப் பெண்ணுக்குச் சீட்டுக் கிடைத்ததா என்றுதான் என்னிடம் முதலில் கேட்டான்.

இராத்திரி எங்கள் வீட்டில் தங்கி, விடியும் முன்னால் புறப்பட்டு நடந்தே கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம். மணி ஒன்பதே முக்கால். முப்பது பேருக்குக் கார்டு போட்டிருந்தார்களாம். வந்து சேர்ந்தது ஏழு பேர். ஆள் எடுக்க வந்த டாக்டரம்மா மறியலுக்கு முதல் நாளே வந்து மாட்டிக்கொண்டவர். செவ்வந்தியிடம் கேள்வி கேட்டார், சான்றிதழ்களைப் பார்த்தார், முகத்தில் திருப்தி தெரிந்தது. ஒரு படிவத்தை எடுத்துக் குமாஸ்தாவிடம் கொடுத்தார். குமாஸ்தா வெளியே வந்து, "தகப்பனார் கையெழுத்துப் போடணும். கருப்பண்ணன் யாருங்க?" என்று கேட்டான்.

நான் எழுந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஆள் ஊரில் இல்லை, பன்னிரண்டு வருசம் என்று தொடங்கினேன். செங்கம்மாள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கருப்பண்ணன் யாரு?" என்றான் குமாஸ்தா மறுபடியும்.

"நான்தான்" என்றாள்.

குமாஸ்தா படிவத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தான். "அம்மா, நான் தகப்பனாரக் கேக்கறேன்."

"அதான் சொல்றேன். நேத்துதான் வந்தேன். ஊரே சாட்சி. எங்க கை வைக்கணும்?"

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். அவரிடம் நான் கோட்டை, வாசல், கல், கடப்பாரை என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் பங்கைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அவர் முழுசும் கேட்டார். பிறகு படிவத்தை வாங்கி, தகப்பனார் என்ற இடத்துக்குப் பக்கத்தில் 'அல்லது காப்பாளர்' என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, மைப்பெட்டியை நகர்த்தினார். செங்கம்மாள் கட்டை விரலை அழுத்தின அழுத்தில் மேஜை ஆடியது. ஏர் பிடித்த விரல். ரேகை பாதி தேய்ந்து போயிருந்தது.

செவ்வந்திக்கு இடம் கிடைத்தது. பயிற்சி முடித்து வந்து தன் கல்லை எடுத்தாள். மலையிலேயே முப்பது வருசம் நர்ஸாக இருந்து இப்போது விருப்ப ஓய்வும் பெற்றுவிட்டாள். செங்கம்மாள் சொன்ன நாளில் திரும்பிப் போய்த் தன் கொட்டைப்பாக்குக் கல்லை எடுத்தாள். அதற்குப் பிறகு சந்தைக்கு அவளே இறங்கினாள். என்னிடம் வந்த கடுக்காய்க்கும் புளிக்கும் நேரிலேயே நின்று பேசினாள். எனக்கு அதில் கஷ்டம்தான். என் கல்லை நான் பத்து நாள் மறந்து போய், காசியம்மாள் ஜீப் பின்னாலேயே ஓடி வந்து திட்டி எடுக்க வைத்தாள்.

கருப்பண்ணன் தளக்கல்லை நாலு ஆள் சேர்ந்து உருட்டிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் போட்டார்கள். வந்தவன் கல் வீட்டு வாசலில்தான் கிடக்க வேண்டும். போன மாதம் சென்னையிலிருந்து வந்த சிலரைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். முட்டிவலியோடுதான் போனேன், ஆனால் அவர்களுக்கு முன்னால் போனேன். செங்கம்மாள் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. கை மட்டும் அதே கை.

பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "ஏன் தாயி, நெசமாலுமே கருப்பண்ணன் ஒரு நாள் வந்து நின்னா இன்னா பண்ணுவ?"

முறத்தை நிறுத்தாமல் சொன்னாள். "வந்தா சோறு போடுவேன். ஆனா அந்தப் பேருல இங்க ஒரு ஆளு ஏற்கெனவே இருக்குது. வேற பேரு வச்சிக்கினு வரச் சொல்லு."